வினை முந்தும் வாக்கியம்

தமிழ் பேசிப் பழகிய வாயால் ஒரு சுரங்கத்தைக் காப்பாற்ற முடியாது என்று கம்பெனி முடிவு செய்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

மலாக்கா நீரிணைக்கு அடியில் மலேசியாவையும் சுமத்ராவையும் இணைக்கப்போகும் ரயில் சுரங்கம் அது. கதவு, பம்பு, காற்றுக்குழாய், மண்ணைக் குடையும் வெட்டு எந்திரம் எல்லாமே ஒரு கணினியின் பொறுப்பு. வாயால் சொன்னால் செய்யும். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் மண்டோர் என்போம். ரப்பர் எஸ்டேட்டில் எங்கள் பாட்டன்மார்களை விரட்டி வேலை வாங்கியவனுக்கும் அதே பெயர்தான்.

மண்டோருக்கு உத்தரவு போடும் மொழி எது என்பதில்தான் என் பிழைப்பு அடிபட்டது. தெலிமாதான் எனக்கு அதை விளக்கினாள். சுரங்கத்தின் முகப்பில், அதாவது வெட்டு எந்திரத்துக்குப் பக்கத்தில், வேலை செய்யும் குழுவுக்கு அவள் தலைவி. மண்டைலிங் பெண்; உத்தரவு மொழியாகக் கம்பெனி எடுத்துக்கொண்டதும் அந்த மண்டைலிங் மொழியைத்தான். பூர்வீகம் சுமத்ரா, ஆனால் காஜாங்கில் தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள். என்னைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவாள்.

"அக்கா, நீங்க எப்படிச் சொல்வீங்க? 'மூணாவது கதவை உடனே மூடு.' கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் மூடணுமா தொறக்கணுமான்னு மண்டோருக்குத் தெரியாது. எங்க பாஷையில வினை முன்னாடி வந்துடும். அப்புறம் எதை. கடைசியாத்தான் யாரு. 'தின்றேன் சோறு நான்', அந்த மாதிரி. 'மூடு'ன்னு ஆரம்பிச்ச உடனே மண்டோர் மோட்டாரச் சூடாக்கிடும். எந்தக் கதவுன்னு நீங்க சொல்றதுக்குள்ள தயாரா நிக்கும்."

"அதுல என்ன மிச்சம்? ரெண்டு செகண்டு."

"கடலுக்கு ரெண்டு செகண்டு போதும் லா."

அப்படித்தான் வினையைக் கடைசியில் வைக்கிற ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் நானும் ஒரே நாளில் மூன்றாம் தரமானோம். கட்டுப்பாட்டு அறையில் உட்காரலாம், கேட்கலாம், உத்தரவு போடக் கூடாது. பரீட்சை எழுதித் தேறினால் பார்க்கலாம் என்றார்கள். இருபது வருடம் சுரங்கத்தில் இருந்தவள் நான். வாக்கியத்தைத் தலைகீழாக்கிப் பேசிப் பழகியதில் வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. "எடு துண்டை நீ" என்று கணவரிடம் சொன்னால், "மண்டோர் வேலைக்குப் போயிருக்கு, நான் திலகேஸ்வரியோட புருஷன்" என்பார். யோசித்துப் பார்த்தால் கோபம் வந்தால் மட்டும் நமக்கும் வினை முன்னால் வந்துவிடுகிறது. நிறுத்துடா வண்டிய. போடி நீ. எல்லோருடைய கோபத்தையும் எடுத்து ஒரு மொழியாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அதை நான் சாலே ரங்குத்தியிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது.

பாக் சாலேதான் எங்கள் ஷிப்டின் உத்தரவுக்காரர்; வயதில் பெரியவர்களை மலாயில் பாக் என்போம். மண்டோருக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்ததே அவர் குரல்தான். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"கோபமில்ல திலகா," என்றார். "எங்க பேச்சுல செஞ்ச வேலை முன்னாடி நிக்கும். செஞ்சவன் கடைசியில வந்து ஓரமா நிப்பான். அது அடக்கம். கம்பெனி என்ன பண்ணுச்சு? முதல் வார்த்தையோட வெட்டி எடுத்துக்கிச்சு. பின்னாடி நிக்கிற ஆளு அதுக்குத் தேவைப்படல."

தெலிமா அவருடைய மருமகள். ஒரே மகனின் மனைவி. கம்பெனிக்கு இது தெரியும், ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. பழைய மண்டைலிங் குடும்பங்களில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். பகை ஒன்றும் இல்லை, மரியாதை. சொல்ல வேண்டியதை நடுவில் ஒருவர் வழியாகச் சொல்வார்கள். ஆள் யாரும் இல்லையென்றால் தூணைப் பார்த்தோ கதவைப் பார்த்தோ சொல்வார்கள். மற்றவர் காதில் விழுந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவள் அவர் முகம் பார்த்து "அமாங்போரு" என்று அழைத்ததில்லை. அவர்கள் மொழியில் மாமனாருக்கு அதுதான் முறைப்பெயர்.

ஆரம்பத்தில் நான்தான் தூண். "திலகா, முகப்புல அழுத்தம் எவ்வளவுன்னு கேளு." நான் கேட்பேன், அவள் எனக்குச் சொல்வாள், நான் இவருக்குச் சொல்வேன். முகப்பு லைனில் பேசுவது மட்டும் பதிவாகும்; அந்த ஒலிப்பதிவைக் கேட்ட மேலதிகாரிக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டு செகண்டு மிச்சம் பிடிக்க ஒரு மொழியையே வாங்கினோம், நீங்கள் பத்து செகண்டு விரயம் செய்கிறீர்களா என்று குதித்தார். நடுவில் ஆள் வேண்டாம், நேரடியாகப் பேசு என்று உத்தரவு வந்தது.

சாலே சரி என்று தலையாட்டினார். மறுநாளிலிருந்து மண்டோரின் பச்சை விளக்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "சொல் அவளிடம், குறைக்கட்டும் வேகத்தை." மண்டோர் முகப்பில் ஒலிபரப்பும். தெலிமாவும் அங்கே இருந்த விளக்கைப் பார்த்துப் பதில் சொல்வாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கம்பெனியின் தலையிலேயே தூணை நட்டுவிட்டாரே மனிதர். நாளாக ஆக "சொல் அவளிடம்" என்பதும் தேய்ந்து போனது. குடும்பத்துக்குள் அது எதற்கு? "குறை வேகத்தை" என்று விளக்கிடம் சொல்வார், மண்டோர் தானாக எதையும் தொடாமல் அதை அப்படியே அவளிடம் சேர்க்கும், அவள் தன் கையால் குறைப்பாள். மற்ற உத்தரவுக்காரர்களிடம் மண்டோர் இப்படி நடந்துகொண்டதில்லை. தெலிமா முகப்பில் இருக்கும்போது, சாலே முகப்பைப் பற்றி எதைச் சொன்னாலும், அது தனக்கான உத்தரவு அல்ல என்று அது கற்றுக்கொண்டிருந்தது. வேலை சீராக நடந்ததால் யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீக்கு முன்னால்.

தெலிமாவும் நாலு பேரும் வெட்டுச் சக்கரத்தின் பற்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் திரையில் ஒரு கோடு ஏறியது. பிறகு முகப்புக் கேமராவில் சேறு. அதற்குப் பிறகு கேமராவே இல்லை. கடல் மணலும் தண்ணீருமாகப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. முகப்புக்கும் மற்ற சுரங்கத்துக்கும் நடுவில் இருந்தது மூன்றாம் கதவு. அதற்கு இந்தப் பக்கம் முந்நூறு பேர் வேலையில் இருந்தார்கள். ஆள் முகப்பில் இருக்கும்போது மண்டோர் தானாகக் கதவை மூடாது, மனிதக் குரல் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தக் குரல் சாலேயின் குரல்.

அவர் எண்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முகப்பிலிருந்து கதவுக்கு ஓடிவரும் நேரத்தையும் தண்ணீர் வரும் வேகத்தையும் ஒப்பிட எங்கள் இருவருக்கும் கணக்குப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"திலகா, வெளிய போ."

"ஏன் பாக்?"

"போம்மா. இத நீ கேக்க வேணாம்."

நான் போகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். அவருடைய தாடை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

"மூடு கதவை. மூன்றை."

விளக்கு ஒருமுறை மினுங்கியது. திரையில் மூன்றாம் கதவு அகலத் திறந்தே இருந்தது.

"சொல்லிவிட்டேன்," என்றது மண்டோர்.

"யாரிடம்?" என்று கத்தியது நான்.

"தெலிமாவிடம்."

சாலே எழுந்து நின்றுவிட்டார். "மூடு! மூடு கதவை!" என்று விளக்கைப் பார்த்துக் கூவினார். "சொல்லிவிட்டேன்" என்று அது பொறுமையாக மறுபடியும் சொன்னது. அறையில் கையால் அழுத்த ஒரு பொத்தான்கூடக் கிடையாது. தவறுதலாகக் கை பட்டுவிடும் என்று கம்பெனி அகற்றியிருந்தது. கதவுக்கு அருகில், சுரங்கப் பக்கத்தில், கையால் சுற்றும் சக்கரம் ஒன்று மட்டும் உண்டு, அங்கே அப்போது ஆள் இல்லை. நான் மேலே அலுவலகத்துக்கு அடித்தேன். யாரோ எடுத்து, காத்திருக்கச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் பயந்தேன் என்றால் அப்போதுதான். முந்நூறு பேரில் என் தம்பியும் ஒருவன்.

"தெலிமா சரி என்கிறார்," என்றது மண்டோர்.

கதவுக்கு மேலே இருந்த கேமரா மட்டும் வேலை செய்தது. தண்ணீர் முதலில் வந்தது. முழங்கால் உயரம். பிறகு ஒருவன், இன்னொருவன், மூன்றாமவனை இழுத்துக்கொண்டு நான்காமவன். தெலிமாவைக் காணவில்லை. சாலே வாய்விட்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அப்புறம் அவள் தலைக்கவசம் தெரிந்தது. கதவைத் தாண்டினாள், தடுமாறி எழுந்தாள், சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். நாலு பேரில் இரண்டு பேர் வந்து கூடப் பிடித்தார்கள். கதவு இறங்கி முடிந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

ஒரு கால் முறிவு. இரண்டு பம்பு போனது. சுரங்கத்தில் முழங்கால் அளவு சேறு. உயிர்ச்சேதம் இல்லை. ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கட்டுப்பாட்டு அறையில் சாலே மட்டும் நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

"கேளு அதுகிட்ட," என்றார் என்னிடம். "என் குரல்லயா சொல்லுச்சு? அதோட குரல்லயா?"

கேட்டேன்.

"அவர் குரலில்," என்றது மண்டோர்.

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

விசாரணை மலாக்காவில் வைத்தார்கள். விஷயம் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. சாலே சொன்ன சொல் மண்டோருக்கா, மருமகளுக்கா? மண்டோருக்கு என்றால் அவர் விதிப்படி நடந்தார், குற்றம் எந்திரத்தின்மேல், அவருடைய உரிமமும் மரியாதையும் பத்திரம். மருமகளுக்கு என்றால் எந்திரம் சரியாக வேலை செய்தது, முந்நூறு உயிர் ஊசலாடும்போது கதவை மூடாமல் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தார் என்று ஆகும். உரிமம் போகும், வழக்கும் வரும்.

உள்ளே கூப்பிடும் முன் கேன்டீனில் என்னை ஓரமாக அழைத்துப் போனார். காப்பியை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை.

"உன்னை வெளிய போகச் சொன்னேன் இல்ல? அத மட்டும் சொல்லிடாத."

"அதச் சொன்னாத்தான் பாக் உங்க வேலை மிஞ்சும். எந்திரத்துக்குத்தான் சொன்னீங்கன்னு அதுல தெரியும்."

"அதனாலதான் சொல்லாதங்கிறேன். வேலை போகட்டும், ஜெயில் வந்தாலும் வரட்டும். அவ உள்ள இருக்கும்போது கதவ மூடச் சொன்னவன் நான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியக் கூடாது. என் பேரனுக்குச் சோறு ஊட்டுற கை அது. அந்த வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

"நீங்க செஞ்சது சரிதானே பாக்? முந்நூறு பேரு."

"சரிதான்," என்றார். "சரியா செஞ்சதத்தான் அவகிட்ட சொல்ல முடியல."

விசாரணை அதிகாரி மேடம் லிம் குரல் உயர்த்தாத பெண்மணி. சாலேயிடம் கேட்டார். "மருமகளுக்குச் சொன்னேன். ஆட்களை வெளியேற்றிவிட்டு மூடச் சொன்னேன்," என்றார் சாலே, தரையைப் பார்த்து. அடுத்து என்னைக் கேட்டார். உத்தரவுக்கு முன் அவர் உங்களிடம் ஏதாவது பேசினாரா?

"இல்லை மேடம்."

பொய்தான். சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய். அந்த மனிதரின் நடுங்கிய தாடையைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வேறு மாதிரி சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கடைசியாகத் தெலிமா. மாமனாருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள், அதுவும் மரியாதைதான். "உங்களுக்கு என்ன கேட்டது? எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?"

"கதவை மூடச் சொன்னார் மேடம். எனக்குத்தான் சொன்னார். ஆட்களோடு வெளியே வந்து மூடு என்று புரிந்தது. அப்படியே செய்தேன்."

மேடம் லிம் எழுதிக்கொண்டார். எந்திரத்தில் கோளாறு இல்லை. சாலே ரங்குத்தியின் உரிமம் ரத்து. வழக்குத் தொடர்வதைப் பற்றிப் பின்னர் முடிவெடுக்கப்படும். சாலே நிமிர்ந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். தோற்றவர் மாதிரியே இல்லை.

வராந்தாவில் தெலிமா என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். சாலே சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"அக்கா, அவர் சொன்னது எனக்கில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படி…"

"வருஷக்கணக்கா அவரு குரல கேக்கிறேன். எனக்குன்னு பேசும்போது ஒரு மாதிரி தணிஞ்சு வரும், பக்கத்துல கொழந்த தூங்குற மாதிரி. அன்னிக்கு வந்தது எந்திரத்துக்கிட்ட பேசுற குரலு. கேட்ட உடனே தெரிஞ்சுடுச்சு. கதவு விழப்போகுது, அவ்ளோதான்னு நெனச்சேன். என் மகன் மூஞ்சி வந்துச்சு. அப்புறம் பாத்தா கதவு விழல. ஓடுங்கடான்னு கத்தினேன்."

"தெரிஞ்சே அங்க அப்படிச் சொன்னியா?"

"வேற என்ன சொல்லணும்? நான் அந்த சீட்டுல இருந்திருந்தாலும் மூடுன்னுதான் சொல்லியிருப்பேன். அவரு மேல எனக்குக் கோபமே இல்ல அக்கா. ஆனா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா அவரு செத்துடுவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் இன்னியோட முகப்பு வேலைய விடுறேன். எந்திரம் சரின்னு எழுதிட்டாங்க, யாரும் அதத் திருத்தப் போறதில்ல. அவரு குரல்லயே பழகின எந்திரம், நாளைக்கு வேற யாரு சொன்னாலும் நான் உள்ள இருந்தா அது மறுபடியும் காத்துக்கிட்டு நிக்கலாம். நாங்க சொன்ன பொய்யில நாளைக்கு முந்நூறு பேரு முழுகிடக் கூடாது. என் குரல் லைன்ல இல்லன்னா அது யாருக்கும் காத்திருக்காது."

இந்த முகப்பில் தலைமை தாங்கிய ஒரே பெண் அவள். அந்த இடத்துக்கு வர அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவள் தூணைப் பார்த்து மண்டைலிங்கில் ஏதோ சொன்னாள். கார் வந்துவிட்டது, வெயிலில் நிற்க வேண்டாம் என்றாளாம். சாலே தூணுக்குத் தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

காலியான நாற்காலிக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்குள் நான் பரீட்சையில் தேறியிருந்தேன். இந்தத் தொழிலில் உத்தரவு போட உட்கார்ந்த முதல் தமிழ்ப் பெண் என்று கம்பெனிப் பத்திரிகையில் படம் போட்டார்கள். கணவர் அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சுரங்கம் காய்ந்து வேலை மறுபடி தொடங்கும் முன் ஒத்திகை வைத்தார்கள். முகப்பில் புதுத் தலைவன் யோகநாதன், கிள்ளான் பையன், கல்யாணம் ஆகி ஆறு மாதம். அவனும் நாலு பேரும் உள்ளே. எச்சரிக்கை மணி அடித்ததும் அவர்கள் ஓடிவர வேண்டும், அவர்கள் தாண்டியதும் நான் கதவை மூட வேண்டும். மணி அடித்தது. மேலதிகாரிகள் என் பின்னால் நின்றார்கள். திரையில் எண்கள் ஏறின. வாயைத் திறந்தேன்.

"மூடு…"

எந்தக் கதவு, யார் வந்த பிறகு என்று மீதியை நான் சொல்ல இருந்தேன். முகப்பில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது, மண்டோருக்கு மீதி தேவைப்படவில்லை. மூன்றாம் கதவு ஒரே மூச்சில் இறங்கி உட்கார்ந்தது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, இதுவரை இதுதான் மிக வேகம் என்றார்.

ஒலிபெருக்கியில் யோகநாதனின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. ஒத்திகைதானே என்ற சிரிப்பும் அதில் இருந்தது.

"அக்கா, நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம்."